பண்டிகை விடுமுறையில் அக்கம்பக்கத்தாரை இனிப்பு சாப்பிட வீட்டுக்கு அழைப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: புது வீட்டுக்கு வந்து 8 மாதம் ஆகிறது, சுற்றியிருக்கும் 10, 12 குடும்பங்களில் முகம் தெரிகிறது, பேர் தெரியவில்லை. வருகிற பண்டிகை விடுமுறையில் ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு, சாப்பாடு இல்லாமல் இனிப்பு மட்டும் கொடுக்கலாமா, கொடுத்தால் எத்தனை வகை, எவ்வளவு, எப்போது? நான் பல வருடமாக இதைச் செய்து வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாராளமாகக் கூப்பிடுங்கள். முழுச் சாப்பாடு போடுவதில் பாதி வேலைகூட இதில் கிடையாது, வருகிறவர்களுக்கும் பாரமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் விருந்தாளி கதவைத் தட்டும்போது உங்கள் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது முதல் வருடம். அன்றைக்கு 9 வகை இனிப்பு. அதில் 3 சூடாகப் பரிமாற வேண்டியவை, 2 கடைசி நிமிடத்தில் க்ரீம் அடித்து மேலே வைக்க வேண்டியவை. எல்லாமே நன்றாகத்தான் வந்தன, தட்டுகள் காலியாகின. ஆனால் இரண்டு மணி நேரமும் நான் அடுப்படியில்தான் இருந்தேன். கடைசி வீட்டில் தனியாக இருக்கிற ஒரு வயதான அம்மா சீக்கிரமே வந்திருக்கிறார், ஓரமாக ஒரு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார், யாரையும் தெரியாததால் எழுந்து போய்விட்டார். அவர் வந்ததே எனக்கு மறுநாள்தான் தெரியும். யாருக்காக அழைத்தேனோ அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. அடுத்த வருடம் 4 வகையோடு நிறுத்திக்கொண்டேன், எல்லாமே முந்தின நாளே முடித்தது. அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக ஒரு கப் டீ குடித்தேன்.

சரி, நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். இனிப்புக்கு மட்டும் அழைக்கிறீர்கள் என்றால் அது இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் விழ வேண்டும். மதியச் சாப்பாடு செரித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிற இடைவெளி, அதாவது மாலை 3.30 முதல் 5.30 வரை மிகச் சரியாக இருக்கும். 7 மணிக்கு அழைத்தால் பாதிப் பேர் சாப்பாடு இருக்கும் என்று நினைத்துப் பசியோடு வருவார்கள். இரவு 8.30க்கு மேல் என்றால் குழந்தைகள் தூங்கி வழிவார்கள், சர்க்கரையும் உள்ளே போனால் அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கின மாதிரிதான். ஆரம்பிக்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். பலர் இதை மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. முடியும் நேரம் தெரிந்தால்தான் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் துணிந்து வருவார்கள், "அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்துவிடலாம்" என்று கணக்குப் போட முடியும். பண்டிகை நாளன்றே வைக்காதீர்கள், அன்றைக்கு எல்லோருக்கும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். முந்தின வார இறுதியோ, பண்டிகை முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்தோ வைத்தால் வருகிறவர்கள் அதிகம்.

அழைப்பை போனில் மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டு வாரம் முன்னால் நேரில் போய்க் கதவைத் தட்டி, பேரைச் சொல்லி, எந்த வீடு என்று காட்டி, கையில் ஒரு சின்னத் துண்டுச்சீட்டைக் கொடுங்கள். அதில் நாள், நேரம், உங்கள் வீட்டு எண், அப்புறம் "இனிப்பும் டீ, காபியும் மட்டும், ஒன்றும் கொண்டு வர வேண்டாம்" என்ற வரி. அந்தக் கடைசி வரி முக்கியம். அது இல்லையென்றால் சாப்பாடு உண்டா, பரிசு வாங்க வேண்டுமா என்று ஆளாளுக்கு யோசிப்பார்கள். பிறகு 3 நாள் முன்னால் போனில் ஒரு ஞாபகப்படுத்தல் போதும். ஒரே வரிசையில், ஒரே மாடியில் இருக்கிற யாரையும் விடாதீர்கள். வண்டி நிறுத்துவதில் சண்டை போட்டவர், எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர், எல்லோரையும் சேர்த்துத்தான். அவர் வராமல் போகலாம், அது அவர் இஷ்டம். கூப்பிடாமல் விட்டால் அது மாதக்கணக்கில் மனதில் நிற்கும். அந்தப் பண்டிகையைக் கொண்டாடாத குடும்பங்களும் இருக்கும். அவர்களிடம் "விடுமுறைக்கு எல்லோரும் ஒன்றாக உட்காரலாம் என்று" என்று சொன்னால் போதும், வழிபாடு சம்பந்தப்பட்ட எதையும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வைக்காமல் இருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

நேரில் அழைக்கும்போதே ஒரு கேள்வி கேட்டு வந்துவிடுங்கள். "ஏதாவது ஒத்துக்காதா?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். "உங்கள் வீட்டில் முட்டை, பால், கோதுமை, கொட்டை வகை ஏதாவது சாப்பிடாதவர்கள் உண்டா?" என்று பேர் சொல்லிக் கேளுங்கள், உடனே நினைவுக்கு வரும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

எத்தனை வகை? 4 போதும், 5க்கு மேல் வேண்டாம். ஒரே மாதிரிச் சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவையின் மேல் மட்டும் ஆசை வேகமாகக் குறைந்துவிடும், வேறு சுவை கிடைத்தால் மறுபடி சாப்பிடத் தோன்றும். மனித நாக்கின் இயல்பு அது. அதனால் பத்து வகை தித்திப்பை வரிசையாக வைத்தாலும் மூன்றாவது துண்டிலேயே திகட்டிவிடும். எண்ணிக்கையைவிட வித்தியாசம்தான் முக்கியம். நான் எப்போதும் நான்கு திசையில் யோசிப்பேன்: மொறுமொறுப்பாக ஒன்று, வழவழப்பாகக் குளிர்ச்சியாக ஒன்று, லேசான கசப்போடு ஒன்று, புளிப்போடு ஒன்று. உதாரணமாக வெண்ணெய் பிஸ்கட், கஸ்டர்ட், கறுப்பு சாக்லேட் கேக், எலுமிச்சையோ ஆரஞ்சோ பிழிந்த பழக்கலவை. இந்த நான்கில் ஒன்று உங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து செய்து வருகிற இனிப்பாக இருந்தால் இன்னும் நல்லது, பேச்சுக்கு விஷயம் தானாகக் கிடைக்கும். இவற்றோடு உப்பாக ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். உப்பு பிஸ்கட்டும் கொஞ்சம் சீஸும் வைத்தாலே போதும். முதல் வருடம் நான் அதை வைக்கவில்லை. இப்போதெல்லாம் முதலில் காலியாகிற தட்டு பெரும்பாலும் அதுதான்.

சர்க்கரை அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கஸ்டர்ட், புட்டிங், பழக்கலவை மாதிரி இனிப்புகளில் செய்முறையில் சொன்னதைவிடக் கால் பங்கு குறைத்தாலும் கெடாது. கேக்கில் அப்படிக் கை வைக்காதீர்கள். அங்கே சர்க்கரை தித்திப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்து வைத்துக் கேக்கை மிருதுவாக வைப்பதும் அதுதான், ரொம்பக் குறைத்தால் வறண்டுபோகும். இன்னொன்று, குளிர்ந்த பண்டத்தில் தித்திப்பு மந்தமாகத் தெரியும். ஐஸ்கிரீம் உருகிய பிறகு குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு தித்திப்பு என்று. அதனால் குளிர வைத்துப் பரிமாறப் போகிற பண்டத்தை அடுப்பில் இருக்கும்போது ருசி பார்த்துச் சர்க்கரையை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள்.

எவ்வளவு செய்வது என்பதற்குக் கணக்கு எளிது. 20 பேர் என்றால் தலைக்கு 5 சின்னத் துண்டு வைத்து 100 துண்டு. 23க்கு 33 சென்டிமீட்டர் தட்டில் சுட்ட ஒரு கேக்கை நீளவாக்கில் 8, அகலவாக்கில் 5 என்று வெட்டினால் 40 துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றும் இரண்டு வாய். அந்த மாதிரி இரண்டு தட்டு கேக், 20 சின்னக் கிண்ணத்தில் கஸ்டர்ட், பழம், பிஸ்கட் என்றால் தாராளம். 24 துண்டாகப் பெரிதாக வெட்டினால் என்ன ஆகும் தெரியுமா, ஒரு துண்டு எடுத்தவர் அடுத்த வகையைத் தொடவே மாட்டார், பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அதை எங்கே மறைப்பது என்று பார்ப்பார். சின்னதாக வெட்டினால் நான்கையும் ருசி பார்ப்பார், பிடித்ததை இன்னொன்று எடுப்பார்.

வெட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கேக் முழுக்க ஆறின பிறகு, முடிந்தால் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, நீளமான கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு உயரமான டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், ஒரு சுத்தமான துணி. கத்தியை வெந்நீரில் முக்கி, துணியில் துடைத்து, ஒரே அழுத்தாக மேலிருந்து கீழே இறக்கி, இழுக்காமல் வெளியே எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி முக்கி, மறுபடி துடைக்க வேண்டும். சாக்லேட் பூசிய கேக் என்றால் சூடான கத்தி பூச்சை உடைக்காமல் உருக்கிக்கொண்டே இறங்கும், ஓரம் கண்ணாடி மாதிரி வரும். வெட்டின துண்டை ஒவ்வொன்றாகச் சின்னக் காகிதக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் விருந்தாளி கையில் பிசுக்கு ஒட்டாது, கரண்டி தேட வேண்டாம், பாத்திரமும் குறையும்.

எதைச் செய்யக் கூடாது என்பதும் முக்கியம். உள்ளே க்ரீம் நிரப்பின மெல்லிய பொரபொரப்பான பண்டங்கள் நிரப்பின சில மணி நேரத்தில் நமுத்துப்போகும், நேரத்துக்கு நிரப்பப் போனால் நீங்கள் மறுபடி அடுப்படியில். முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் சுடுகிற மெரிங் காற்றில் ஈரம் இருந்தால் பிசுபிசுத்துவிடும். ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முந்தின நாளே உருண்டைகளாக எடுத்துக் காகிதக் கிண்ணங்களில் போட்டு மூடி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த டப்பாவோடும் கரண்டியோடும் 20 பேர் நடுவில் மல்லுக்கட்ட வேண்டாம்.

ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற இனிப்புகளில் ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர் போடுங்கள் என்பது என் உறுதியான யோசனை. இதற்குக் காரணம் இரண்டு. ஜெலட்டின் 35 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான், வெயில் காலத்தில் மேசையில் தளர்ந்து சாய்வதும் அதனால்தான். அகர் அகர் ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி வரைக்கும் உருகாது, மேசையில் நிமிர்ந்து நிற்கும். கொஞ்சம் கட்டியாக இருக்கும், அதனால் அளவைக் குறைத்துப் போட வேண்டும். இரண்டாவது காரணம், ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, அகர் அகர் கடல்பாசி. சைவம் சாப்பிடுகிறவர்களும், எந்த விலங்கு என்பதில் மதக் கட்டுப்பாடு உள்ளவர்களும் ஒரே மேசையில் இருக்கும்போது ஒரு கவலை தீர்ந்தது. மார்ஷ்மெல்லோவிலும் சுடாமல் செய்கிற பல சீஸ்கேக்குகளிலும் ஜெலட்டின் இருக்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

வேலையை எப்படிப் பிரிப்பது? ஒரு வாரம் முன்னால் பிஸ்கட் மாவைப் பிசைந்து உருட்டி ஃப்ரீசரில் போட்டுவிடலாம், அன்று காலை நறுக்கிச் சுட்டால் போதும், வீடு முழுக்க வெண்ணெய் வாசனை நிற்கும். கேக் இரண்டு நாள் முன்னால். உலர்பழ கேக் என்றால் இன்னும் முன்னாலேயே செய்யலாம், அது நாள் ஆக ஆகத்தான் நன்றாக இருக்கும். சாதாரண கேக்கை நாள்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மாவிலுள்ள ஸ்டார்ச் அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகும், வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் பழசாகிவிடும். வெட்டுவதற்காக வைக்கிற அந்த ஒரு மணி நேரத்தால் ஒன்றும் ஆகாது. க்ரீம் பூசாத கேக்கை இறுக்கமாகச் சுற்றி வெளியே வைக்கலாம், நாள் அதிகம் என்றால் ஒரேயடியாக ஃப்ரீசரில் வைக்கலாம், அதில் இந்தத் தொல்லை இல்லை. வெண்ணெய் போட்ட கேக் குளிர்ந்திருந்தால் பரிமாற ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வெண்ணெய் இறுகி மரக்கட்டை மாதிரி இருக்கும். கஸ்டர்டும் புட்டிங்கும் முந்தின நாள் ராத்திரி. பழம் மட்டும் அன்றைக்கு. சாக்லேட் துண்டுகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் ஈரம் கோத்து மேலே வெள்ளை பூத்துவிடும், கெடுதல் இல்லை, ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. வெயில் படாத குளிர்ந்த அலமாரியே அதற்கு நல்ல இடம்.

இப்போது ஒத்துக்கொள்ளாத விஷயங்களுக்கு வருகிறேன். ஒரு வருடம் ஒரு சின்னப் பையன், ஆறு வயது இருக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மேசையிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றான். மற்ற பிள்ளைகள் எல்லாம் தட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள், இவன் மட்டும் பார்த்துக்கொண்டே நிற்கிறான். போய்க் கேட்டேன், வேர்க்கடலை அலர்ஜி. எதில் இருக்கிறது என்று தெரியாததால் எதையும் கொடுக்க முடியவில்லை என்றார் அந்த அம்மா, கேட்கவும் கூச்சம். என் மேசையில் இரண்டில்தான் கொட்டை இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் எதையும் நம்பிக் கொடுக்க முடியாத நிலை. அடுத்த தடவையிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஒரு அட்டை வைக்கிறேன். மேலே இனிப்பின் பேர், கீழே பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, எள் இவற்றில் எது உண்டோ அது. ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடுக்கி. கொட்டை உள்ளதை வேறு மேசையில் வைப்பேன், தூள் மற்றதில் விழாது. அலர்ஜி கடுமையாக உள்ள குழந்தை வருகிறது என்று முன்பே தெரிந்தால் அந்த வருடம் கொட்டையே கிடையாது. அவனைப் போன்ற குழந்தை மற்றவர்களோடு சேர்ந்து அதே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷத்துக்கு முன்னால் பாதாம் இல்லாத கேக் ஒரு இழப்பே இல்லை.

மது ஊற்றின கேக்கிலும் இதே கவனம் வேண்டும். வெந்தால் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு மணி நேரம் வெந்த பிறகும் சுமார் கால் பங்கு உள்ளே இருக்கும், வெந்த பிறகு மேலே ஊற்றினால் சொல்லவே வேண்டாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், மதுவைத் தொடாதவர்கள் எல்லோரும் வருகிற இடத்தில் அது இல்லாமல் செய்வதே நல்லது, உலர்பழத்தை ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைத்தாலும் அருமையாக வரும். பச்சை முட்டை சேர்க்கிற மூஸ் மாதிரி இனிப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். முட்டை கலந்த கஸ்டர்ட் என்றால் 71 டிகிரியைத் தொட வேண்டும், முட்டையிலிருந்து வயிற்றைக் கெடுக்கிற சால்மோனெல்லா கிருமி பற்றிய பயம் இருக்காது. 85ஐத் தாண்டவிட்டால் திரிந்துவிடும், அதனால் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது, கொஞ்சிக்கொண்டே யாராவது விரலில் தொட்டு வைத்துவிடுவார்கள், அந்த அட்டையில் தேன் என்று பெரிதாக எழுதுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், முழுக் கொட்டையும் உருண்டை மிட்டாயும் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், தொண்டையில் அடைப்பவை பெரும்பாலும் இவைதான். யாராவது நாயைக் கூட்டி வந்தால் சாக்லேட், திராட்சை, சர்க்கரைக்குப் பதில் போடுகிற சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த எதுவும் அதன் வாய்க்குப் போகக் கூடாது, மூன்றுமே அதற்கு விஷம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒன்றைச் செய்து "இது உங்களுக்கு" என்று எல்லோர் முன்னாலும் நீட்டாதீர்கள், சங்கடப்படுவார்கள். சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினேன், பேரீச்சம்பழம் அரைத்துப் போட்டேன் என்று உத்தரவாதம் கொடுப்பதும் தப்பு, அவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சர்க்கரை இல்லாத சாக்லேட்டுகளில் பெரும்பாலும் மால்டிட்டால் போன்ற மாற்று இனிப்பூட்டிகள் இருக்கும், நாலைந்து சாப்பிட்டால் வயிறு உப்பி, சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஆரம்பித்துவிடும். சின்னத் துண்டுகள், உப்புத் தட்டு, சர்க்கரை போடாத டீ, சர்க்கரை சேர்க்காமல் நறுக்கின பழம் இவை பொதுவாகவே மேசையில் இருந்தால் அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்வார்கள். யாரையும் "இன்னும் ஒன்று, ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள்.

பாலும் முட்டையும் க்ரீமும் சேர்ந்த எதுவும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அறை 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். 5 முதல் 60 டிகிரி வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகுகிற இடம். அதனால் கஸ்டர்ட் கிண்ணங்களைப் பாதிப் பாதியாக வெளியே வையுங்கள், அல்லது அகலமான தட்டில் ஐஸ் பரப்பி அதன்மேல். உலர்ந்த கேக், பிஸ்கட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

வீட்டு ஏற்பாட்டில் நான் பார்த்துப் பார்த்துச் செய்கிறவை கொஞ்சம்தான். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுவில் போடுங்கள், நான்கு பக்கமும் ஆட்கள் நிற்கலாம், வரிசை சேராது. டீ, காபி, தண்ணீர் வேறு மூலையில். இனிப்பு எடுத்தவர் குடிக்க அங்கே நடப்பார், நடக்கும்போது இன்னொருவரைச் சந்திப்பார். எல்லோருக்கும் நாற்காலி போட்டால் வட்டமாக உட்கார்ந்து யாரும் நகர மாட்டார்கள், அதனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் போடுங்கள், ஆனால் வயதானவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலி கண்டிப்பாக, அதுவும் மேசைக்குப் பக்கத்தில், ஓரத்தில் வேண்டாம். 20 பேருக்கு 150 மில்லி வீதம் டீயே 3 லிட்டர் ஆகும், பலர் இரண்டாவது கப் கேட்பார்கள். அதனால் இரண்டு பெரிய ஃபிளாஸ்கில் முன்பே போட்டு வைத்துவிடுங்கள், சர்க்கரை தனியாக. குப்பைத் தொட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் பாதிச் சுத்தம் தானாக நடந்துவிடும்.

அடுப்படி வேலை இல்லை என்றால் அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் என்ன செய்வது? கதவுப் பக்கம் நில்லுங்கள். வருகிற ஒவ்வொருவரையும் ஏற்கனவே இருக்கிற ஒருவரிடம் கொண்டுபோய் விடுங்கள். பேர் மட்டும் சொன்னால் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார்கள், பேச்சுக்கு ஒரு நூலையும் சேர்த்துக் கொடுங்கள்: "இவர் மாடியில் தக்காளி போட்டிருக்கிறார், நீங்களும் செடி வைக்கணும்னு சொன்னீங்களே", "இவங்க பொண்ணும் அதே பள்ளிக்கூடம்தான்". நேரில் அழைக்கப் போகும்போது இதைத்தான் கவனிக்க வேண்டும், வாசலில் செடி இருக்கிறதா, சைக்கிள் இருக்கிறதா, எந்த வயதுப் பிள்ளைகள் என்று. தனியாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். "இந்தத் தட்டை ஒரு சுற்றுக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா?" என்றால் போதும், பத்து நிமிடத்தில் அவருக்கு எல்லோரையும் தெரிந்திருக்கும். கடைசி வீட்டு அம்மாவுக்கு இப்போது நிரந்தரமாக டீ ஊற்றும் பொறுப்பு, அந்த மூலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆளுக்கொரு இனிப்பு கொண்டு வரச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் தடவை வேண்டாம். அறிமுகம் இல்லாதவர்களுக்கு அது சுமை, சமைக்க நேரம் இல்லாதவர்கள் வராமலே இருந்துவிடுவார்கள், எதில் என்ன போட்டிருக்கிறது என்று அட்டை எழுதவும் முடியாது. இரண்டாவது வருடம் தாராளமாகச் செய்யலாம், ஆனால் யார் என்ன வகை என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆறு சாக்லேட் கேக் வந்து நிற்கும். சொல்லியும் கேட்காமல் யாராவது எதையாவது கொண்டு வந்தால் சந்தோஷமாக வாங்கி, என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டு, எழுதி, மேசையில் வையுங்கள்.

மீந்ததைக் கொடுத்தனுப்ப மூடியுள்ள காகிதப் பெட்டிகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முடியும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் அவற்றை மேசையில் கொண்டுவந்து வைத்தாலே எல்லோருக்கும் புரிந்துவிடும். கேக், பிஸ்கட் மட்டும் கட்டுங்கள், வெளியே நின்ற கஸ்டர்டைக் கொடுத்தனுப்ப வேண்டாம். அழைத்தும் வராத வீடுகளுக்கு என்று முதலிலேயே நாலைந்து பெட்டி எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் அவற்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். எனக்கு ஒரு வீட்டில் இரண்டு வருடம் கதவிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள், மூன்றாவது வருடம் முதல் ஆளாக அவர்கள்தான் வந்து நின்றார்கள்.